கேட்டுவிட்டுக் குதித்தவர்

டெஸ்மண்ட் என்னிடம் கேட்டுவிட்டுத்தான் குதித்தார். இதைச் சொல்ல எனக்கு ஏழு வருஷம் ஆயிற்று.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. ஆஸ்திரேலியாவைத் தாண்டி நடுக்கடலில் இருக்கிற தவேனித் தீவில், கிழக்குக் கரையில் எங்கள் ஊர். ஊருக்குப் பின்னால் மலையிலிருந்து விழுகிறது வைனிவுலா அருவி. அதைப் பார்க்க வருகிறவர்களை அழைத்துப் போவது என் வேலை. ஊர் முகப்பில், ஓலை வேய்ந்த ஒரு குடிலில் என் மச்சான் நெத்தானி உட்கார்ந்திருப்பான். நோட்டில் பேர் எழுத வைப்பது, சீட்டுக் கொடுப்பது, முழங்கால் தெரிய வருகிறவர்களுக்கு இடுப்பில் சுற்றிக்கொள்ளத் துணி கொடுப்பது எல்லாம் அவன் பொறுப்பு. என் தாய்மாமா ரொபாத்தேயின் மகன் அவன். மாமாதான் ஊர்த்தலைவர்.

எங்கள் பக்கத்தில் மச்சான்கள் ஒருவரையொருவர் எப்படி வேண்டுமானாலும் வாரலாம். கோபப்பட்டால் கோபப்பட்டவனுக்குத்தான் அவமானம்.

"வந்துட்டாரு பாரு, பழந்தின்னி வௌவாலு," என்பான் என்னைப் பார்த்ததும். "டேய் கலியோவா, நீ குதிக்கறப்ப அருவியே கண்ணை மூடிக்குதாம்டா. உன் தொப்பையப் பாக்க சகிக்கலையாம்."

"அருவி மூடிக்கிட்டா மூடிக்கட்டும். வெள்ளைக்காரப் பொண்ணுங்க தொறந்துதான் வச்சிருக்காங்க."

"அதுங்க இதுவரைக்கும் மனுசனைப் பாத்ததில்ல போல."

குதிப்பது என்றால், அருவிக்கு இடப்பக்கம் ஒரு கறுத்த பாறை நீட்டிக்கொண்டிருக்கும். நாலு ஆள் உயரம். வேரைப் பிடித்து ஏறி, மேலே நின்று ஒரு கூப்பாடு போட்டுவிட்டு நான் மடுவில் குதிப்பேன். கரையில் நிற்கிறவர்கள் படம் எடுப்பார்கள், கைதட்டுவார்கள். யாரும் என்னைக் குதிக்கச் சொன்னதில்லை. நானாக ஆரம்பித்தது. ஆனால் அந்தக் கைதட்டல் இல்லாத நாளில் எனக்குச் சோறு இறங்காது. தைரியமானவர்கள் யாராவது கேட்டால் அவர்களையும் மேலே கூட்டிப் போவேன்.

அந்தப் பிப்ரவரியில் நாலு நாள் விடாமல் மழை. ஆறு செம்மண்ணும் மரமுமாக இறங்கி வந்தது. ஐந்தாம் நாள் வெயில் அடித்ததும் ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். பெருமழைக்குப் பிறகு மடுவில் முங்கி, அடியில் புதிதாகக் கல், கட்டை ஏதும் வந்து தங்கியிருக்கிறதா என்று கையால் தடவிப் பார்ப்பது எங்கள் வழக்கம். அரை மணி நேர வேலை. தண்ணீர் மட்டும் பல்லைக் கிட்டிக்க வைக்கும்.

"அடியப் பாத்தியாடா?" என்று நெத்தானி கேட்டான்.

"பாக்கணும்."

"பாக்காம ஏறாத. வெளையாட்டுக்குச் சொல்லல."

நான் பார்க்கவில்லை. காலையில் முதலில் வந்த கூட்டத்துக்காக ஒரு தடவை குதித்தேன். ஒன்றும் ஆகவில்லை. அதுவே போதும் என்று விட்டுவிட்டேன்.

பத்து மணி வாக்கில் அவர்கள் வந்தார்கள். ஆஸ்திரேலியாக்காரர்கள். டெஸ்மண்ட் ஹார்லன், மனைவி மொய்ரா, பதினொரு வயது மகள் தெஸ்ஸா. நெடுநெடுவென்று உயரம் அவர். மூக்குக்கண்ணாடியைக் கயிறு போட்டுக் கழுத்தில் மாட்டியிருந்தார். கணக்கு வாத்தியாராம். வழி முழுக்கக் கேள்விதான். இந்த இலை பட்டால் அரிக்குமா? இந்தக் கல் வழுக்குமா? இந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா? ஓடையைத் தாண்டும்போது முதலில் தான் இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் மகளை இறங்க விட்டார்.

"எங்கப்பா பாத்ரூம் தண்ணியக் கூட கால் விரலை வச்சுப் பாத்துட்டுதான் இறங்குவாரு," என்றாள் தெஸ்ஸா. அவர் சிரித்தார்.

அருவியைப் பார்த்ததும் மூவரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். எல்லோருமே அப்படித்தான். பிறகு நான் பாறை மேல் ஏறிக் குதித்தேன். தெஸ்ஸா துள்ளித் துள்ளிக் கைதட்டினாள். "அப்பா, நீயும்! நீயும்!" என்று அவர் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏறி மட்டும் பாக்கறேனே," என்றார்.

மேலே ஏற நான் கை கொடுத்தேன். அங்கே நின்றால் அருவியின் இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே பாதிதான் கேட்கும். கரைக்கு ஒரு சொல்கூடப் போகாது.

"இங்க ஆழம் எவ்வளவு இருக்கும்?" என்று என் காதருகே கத்தினார்.

"மூணு ஆள் ஆழம் சார்."

"அடியில கல்லு, கட்டை?"

"ஒண்ணும் கெடையாது. இப்பதான நான் குதிச்சேன்!"

அவர் எட்டிப் பார்த்தார். தண்ணீர் தேநீர் நிறத்தில் சுழன்றுகொண்டிருந்தது. கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி மாட்டினார்.

"எனக்கு இதெல்லாம் பழக்கமில்ல தம்பி. பயமாத்தான் இருக்கு. வந்த வழியே இறங்கிடட்டுமா?"

இறங்கலாம் சார் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் எனக்குச் சிரிப்பு வந்தது. கையை ஆட்டிக் கீழே காட்டினேன்.

"உங்க பொண்ணு பாத்துக்கிட்டே இருக்கு சார்," என்றேன்.

மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு அந்தப் பெண் இரண்டு கையையும் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டிருந்தாள். அவரும் கையை ஆட்டினார். கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். நான் எப்போதும் குதிக்கிற இடத்துக்கு ஓரடி இடப்பக்கம் குதித்தார்.

மேலிருந்து வந்த ஒரு பெரிய மரம் அடியில் செங்குத்தாக மாட்டிக்கொண்டிருந்தது. தண்ணீருக்கு ஒரு முழம் கீழே அதன் நுனி. அது எனக்குத் தெரிந்தது, அவரைத் தேடி நான் குதித்துக் கையால் துழாவியபோதுதான்.

அவரைக் கரைக்கு இழுத்து, தூக்கிக்கொண்டு வந்து ஊர் லாரியில் ஏற்றினோம். ஆஸ்பத்திரி தீவின் மறுபக்கம். தெஸ்ஸாவை முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். பின்னால் மொய்ராவின் மடியில் அவர் தலை. நான் கால்மாட்டில். முதல் பாலம் தாண்டுவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. அவள் அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"மேல நின்னு அவர்கிட்ட பேசிக்கிட்டிருந்தீங்களே. கையெல்லாம் ஆட்டினீங்களே. என்ன சொன்னீங்க?"

"வேணாம்னு சொன்னேன் மேடம்," என்றேன். "தண்ணி கலங்கியிருக்கு, குதிக்காதீங்கன்னு சொன்னேன்."

"கேக்கலையா அவரு?"

"கேக்கல."

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வாய் முந்திக்கொண்டது. ஆனால் சொன்ன பிறகு திருத்திக்கொள்ள அந்தப் பாதை முழுக்க நேரம் இருந்தது. மேடும் பள்ளமுமாக ஒரு மணி நேரப் பாதை. நான் திருத்தவில்லை.

சாயங்காலம் ஊருக்குத் திரும்பியதும் நெத்தானி என்னைக் குடிலுக்குப் பின்னால் இழுத்துப் போனான். அவனிடம் உண்மையைச் சொன்னேன். அடி பார்க்காதது, அவர் கேட்டது, நான் ஒன்றுமில்லை என்றது. அவன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். பிறகு எழுந்து போய்ப் பன்றிப் பட்டியிலிருந்து ஒரு பழைய பலகையைப் பிடுங்கி வந்தான். தேவாலய ஜன்னலுக்கு வாங்கி மிஞ்சிய வெள்ளைப் பெயின்டில் 'பாறையிலிருந்து குதிக்கக் கூடாது' என்று எழுதினான். துருப்பிடித்த ஆணிகளால் மடுக்கரையில் அடித்து, பழசாகத் தெரியட்டும் என்று மேலே சேறும் பூசினான்.

"மச்சான், இது வேணாம்டா."

"வாயத் தொறந்தவன் நீ. இனிமே அது உன் பேச்சு மட்டும் இல்ல, ஊரோட பேச்சு. அருவிய மூடிட்டாங்கன்னா ஊர்ல எத்தனை வீட்டுல அடுப்பு எரியும், சொல்லு?"

மறுநாள் வந்த போலீஸ்காரர் கேட்டார். இரண்டு வருஷமாகப் பலகை இருக்கிறது என்று நெத்தானி சொன்னான். தடுத்தும் கேட்கவில்லை என்று நான் சொன்னேன். ரொபாத்தே மாமா எங்கள் இருவரையும் நம்பினார். பாய்களும் மரப்பட்டைத் துணியும் எடுத்துக்கொண்டு மொய்ரா தங்கியிருந்த விடுதிக்குப் போய், அவள் எதிரே தரையில் உட்கார்ந்து அழுதார். அவள் அவரைத் தொட்டு எழுப்பி, "உங்க ஊர்ப் பையன் எங்க வீட்டுக்காரரைக் காப்பாத்தத் தன் உயிரையும் பாக்காம குதிச்சான்," என்று சொன்னாளாம். மாமா அதை ஊர் முழுக்கப் பெருமையாகச் சொன்னார்.

அதற்குப் பிறகு நான் குதிக்கவில்லை. அழைத்துப் போவேன், கரையில் நிற்பேன், அழைத்து வருவேன். உனைசியைக் கல்யாணம் செய்துகொண்டேன், ஒரு மகள் பிறந்தாள். நெத்தானியும் நானும் ஒரே குடிலில் பகல் முழுக்க உட்கார்ந்திருப்போம். ஆனால் வாருவது நின்றுவிட்டது. ஒருவன் ஆரம்பித்தால் மற்றவன் சிரிப்பதில்லை. இரண்டு பேருக்கும் இடையில் அந்தப் பலகை நின்றது.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் மொய்ராவிடமிருந்து வாழ்த்து அட்டை வரும். 'அவரைத் தடுக்கப் பார்த்தவருக்கு' என்று எழுதியிருப்பாள். உனைசி அவற்றை வரிசையாகச் சுவரில் ஒட்டினாள். நான் அந்தச் சுவரைப் பார்க்காமல் சாப்பிடப் பழகிக்கொண்டேன்.

ஏழாவது வருஷம், ஆகஸ்டில், அவர்களே வந்தார்கள்.

குடிலுக்கு முன்னால் வாடகைக் கார் நின்றதும் எனக்குத் தெரிந்துவிட்டது. மொய்ராவின் தலை முழுக்க நரைத்திருந்தது. தெஸ்ஸாவுக்குப் பதினெட்டு. அப்பாவின் உயரம், அப்பாவின் நீண்ட கைகள். நெத்தானி நோட்டை நீட்டினான். இருவரும் எழுதினார்கள். அவர்கள் துணி சுற்றிக்கொள்ளத் தள்ளிப்போன நேரத்தில் அவன் நோட்டை என் பக்கம் திருப்பி விரலை வைத்தான். மொய்ரா ஹார்லன் என்று இருந்தது. கீழே, தெஸ்ஸா பிராடி.

"கல்யாணம் ஆயிடுச்சு போல," என்றான் மெதுவாக.

பாதையில் போகும்போது நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"கல்யாணமெல்லாம் இல்ல," என்றாள் தெஸ்ஸா. "பிராடிங்கறது எங்கம்மாவோட பொறந்த வீட்டுப் பேரு. பதினஞ்சு வயசுல மாத்திக்கிட்டேன். நான்தான் கேட்டேன்."

"தெஸ்ஸா," என்றாள் மொய்ரா.

"என்னம்மா? சொன்னா என்ன? நீங்க வேணாம்னு சொல்லியிருக்கீங்க. பக்கத்துலயே போர்டு இருந்திருக்கு, நாங்கதான் கவனிக்கல. நாங்க ரெண்டு பேரும் பாத்துக்கிட்டு நிக்கறோம். அப்பவும் குதிச்சாரு. அவ்வளவுதான எங்க மேல இருந்த அக்கறை. அந்தப் பேரு எனக்கு எதுக்கு?"

நான் முன்னால் நடந்தேன். கால் எங்கே வைக்கிறேன் என்றே தெரியவில்லை. ஆயிரம் தடவை நடந்த பாதையில் தடுக்கி விழப் போனேன்.

மடுக்கரையில் மொய்ரா பலகையைத் தொட்டுப் பார்த்தாள். பெயின்ட் உரிந்து இப்போது அது நிஜமாகவே பழசாகியிருந்தது. தெஸ்ஸா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாறையைப் பார்த்து நின்றாள்.

"எனக்குப் புரியவே இல்ல கலியோவா," என்றாள் மொய்ரா. "பதினாறு வருஷம் அவரோட வாழ்ந்தேன். மஞ்சள் விளக்கு எரிஞ்சாலே வண்டிய நிறுத்திடுவாரு. அப்படிப்பட்ட மனுஷன் ஏன் உங்க பேச்சைக் கேக்கல? அவர் முகம் எப்படி இருந்துச்சு? இன்னொரு தடவை சொல்லுங்க. என்ன சொன்னீங்க, அவர் என்ன சொன்னாரு?"

இதோ இப்போது சொல்லிவிடலாம் என்று இருந்தது. வாயைத் திறந்தேன்.

"ரெண்டு தடவை சொன்னேன் மேடம்," என்றேன். "சிரிச்சாரு. ஒண்ணும் ஆகாதுன்னாரு."

பொய்க்கு ஒரு சிரிப்பையும் சேர்த்துக் கொடுத்தேன். செத்துப்போன மனுஷன் முகத்தில் நான் அதை ஒட்டினேன். தெஸ்ஸாவின் தோள் ஒருமுறை குலுங்கியது. அவள் திரும்பவில்லை.

உனைசி அவர்களைச் சாப்பிடாமல் அனுப்ப மாட்டேன் என்றுவிட்டாள். தேங்காய்ப்பாலில் வேகவைத்த சேப்பங்கீரை, மீன், மரவள்ளி. பாயில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சுவரில் தன் அட்டைகளைப் பார்த்து மொய்ராவுக்குக் கண் கலங்கியது. என் மகள் லொசனாவுக்கு நாலு வயது. தெஸ்ஸாவின் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"எங்கப்பா தண்ணிக்கே பயப்படுவாரு," என்றாள். "மடு பக்கம் போனாலே என் கையப் பிடிச்சுக்குவாரு. பயந்தாங்கொள்ளி."

எல்லோரும் சிரித்தார்கள். தெஸ்ஸா மட்டும் சிரிக்கவில்லை. லொசனாவின் தலையைத் தடவி, "நீ கொடுத்து வச்சவ," என்றாள்.

அவர்கள் போன பிறகு நான் குடிலுக்குப் போனேன். எங்கள் பக்கத்தில் மாலையில் எல்லோரும் குடிக்கிற வேர்ப்பொடியை நெத்தானி தண்ணீரில் கரைத்துக்கொண்டிருந்தான். ஒரு சிரட்டை நீட்டினான். நான் வாங்கவில்லை.

"சொல்லிடப் போறேன்டா."

"யார்கிட்ட?"

"அவங்ககிட்ட. நாளைக்குக் காலையில பிளேன்."

"ஏழு வருஷம் கழிச்சு இப்ப என்னடா புதுசா ஞானம்? ஒரு ராத்திரி வாய மூடிக்கிட்டு இருந்தா பிளேன் பறந்துடும்."

"அந்தப் பொண்ணு அப்பன் பேரையே எடுத்துப் போட்டுட்டா மச்சான். பாத்தல்ல?"

"பாத்தேன். நான்தான உனக்குக் காட்டினேன்." சிரட்டையைக் கீழே வைத்தான். "பலகைய நட்டவன் நான். போலீசுல பொய் சொன்னவன் நான். எங்கப்பனை அந்தம்மா எதிர்ல உக்கார வச்சு அழ விட்டவன் நான். நீ சொன்னா உன்னோட போகாது. எங்கப்பன் மூஞ்சிய நான் எப்படிப் பாக்கறது?"

"நான் மட்டும் எப்படிடா பாக்கறது?"

"இத்தனை நாளா பாத்துக்கிட்டுதான இருந்த?"

வீட்டுக்குப் போய் உனைசியிடம் சொன்னேன். அவள் கடைசிவரை கேட்டாள். பிறகு எழுந்து, சுவரிலிருந்த ஏழு அட்டைகளையும் ஒவ்வொன்றாகக் கிழியாமல் உரித்தெடுத்தாள். என்னோடு பேசவில்லை.

காலை முதல் பஸ்ஸில் வடமுனைக்குப் போனேன். விமான நிலையம் என்று ஒரு சின்னக் கட்டடம், புல்வெளி, ஓடுதளம். அவர்கள் வெளியே மர பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். வழியனுப்ப வந்திருக்கிறேன் என்று நினைத்து மொய்ரா எழுந்து வந்து என் கைகளைப் பிடித்துக்கொண்டாள். கையை விடுவித்துக்கொண்டு, அவள் எதிரே புல்லில் உட்கார்ந்தேன்.

"மேடம், நான் பொய் சொல்லிட்டேன்," என்றேன். "வேணாம்னு நான் சொல்லவே இல்ல. அவர் என்கிட்ட கேட்டாரு. ஆழம் எவ்வளவுன்னு கேட்டாரு. கல்லு, கட்டை இருக்கான்னு கேட்டாரு. ஒண்ணும் இல்லன்னேன். மழைக்கப்புறம் நான் அடி பாக்கவே இல்ல. பாக்காமயே சொன்னேன். பலகை அன்னைக்குச் சாயங்காலம் நாங்க நட்டது."

அவள் பெஞ்சில் மெல்ல உட்கார்ந்தாள். பயணப்பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அவர் சிரிச்சாருன்னு சொன்னீங்க."

"சிரிக்கல. பயமா இருக்குன்னு சொன்னாரு."

"பயமா இருக்குன்னு சொன்னாரா?"

"சொன்னாரு. வந்த வழியே இறங்கிடட்டுமான்னு என்னைக் கேட்டாரு."

அப்போதுதான் அவளிடமிருந்து சத்தம் வந்தது. அழுகை என்று அதைச் சொல்ல முடியாது. நெடுநாள் பூட்டியிருந்த ஒன்று இற்றுப்போய்த் திறந்ததுபோல. "அதுதான் அவரு," என்றாள். "அதுதான் டெஸ்மண்ட். கேட்டிருப்பாரு. கேக்காம எதுவும் செய்யமாட்டாரு." மகள் பக்கம் திரும்பி, "கேட்டியா? அப்பா கேட்டிருக்காரு," என்றாள்.

தெஸ்ஸா எழுந்து என் முன்னால் வந்து நின்றாள். உதடு வெளுத்திருந்தது.

"இறங்கிடட்டுமான்னு கேட்டாரு. சரி. நீங்க என்ன சொன்னீங்க?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். பதினெட்டு வயதுப் பெண் நின்றாலும் எனக்குத் தெரிந்தது மஞ்சள் சட்டைதான், தலைக்கு மேல் ஆட்டிய இரண்டு கைகள்தான். நான் சொன்ன அந்த ஒரே வாக்கியம், 'உங்க பொண்ணு பாத்துக்கிட்டே இருக்கு', நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொன்னால் என் தோளில் இருக்கிறதைத் தூக்கி அவள் தோளில் வைத்ததாகிவிடும். எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் பஸ் ஏறினேன்.

"பயப்படாம குதிங்க, நான் தினமும் குதிக்கறேன்னு சொன்னேன்," என்றேன்.

"அவ்வளவுதானா? ரொம்ப நேரம் பேசினீங்களே. என்னைக் காட்டிக் கை நீட்டின மாதிரி இருந்துச்சே."

"தண்ணியக் காட்டினேன். எங்க குதிக்கணும்னு."

நம்பினாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"ஏழு வருஷம் எங்கப்பாவ என்னை வெறுக்க வச்சீங்க," என்றாள். "அவர் படத்தை நானே கழட்டி பீரோவுக்குப் பின்னால போட்டேன். அவர் பொறந்த நாளுக்கு எங்கம்மா மெழுகுவத்தி ஏத்தினப்ப ஊதி அணைச்சேன். அதெல்லாம் எப்படித் திருப்பிக் குடுப்பீங்க?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மன்னிப்புக் கேட்கும் வார்த்தைகளை பஸ்ஸில் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். ஒன்றும் வாயில் வரவில்லை. வந்திருந்தாலும் அவளுக்கு அது வேண்டியிருந்திருக்காது. விமானத்துக்குக் கூப்பிட்டார்கள். மொய்ரா என்னைக் கடந்து போகும்போது நின்றாள். ஏதோ சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். பையைக் கை மாற்றிக்கொண்டு போய்விட்டாள். இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. குட்டி விமானம் கடலுக்கு மேல் சாய்ந்து திரும்பிற்று. நான் அதே புல்லில் உட்கார்ந்திருந்தேன்.

அங்கிருந்து நேராகப் போலீஸ் நிலையத்துக்குப் போய் எழுதிக் கொடுத்தேன். வழக்கு நடந்தது. நீதிபதி ஜெயிலுக்கு அனுப்பவில்லை. மூன்று வருஷம் நன்னடத்தை, வழிகாட்டி வேலைக்கு இனிப் போகக் கூடாது என்று தீர்ப்பு. ஜெயிலுக்கு அனுப்பியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பல நாள் தோன்றியது.

ஊர்ச்சபையில் சொன்ன நாள் அதைவிடக் கஷ்டம். நெத்தானி என் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தான். நான் முடித்ததும், "பலகை என் வேலை," என்று ஒரே வரி சொன்னான். ரொபாத்தே மாமா எங்கள் இருவர் பக்கமும் திரும்பினார்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா நான் திமிங்கலப் பல்லை எடுத்துக்கிட்டுப் போய் அந்தம்மா கால்ல வச்சு மன்னிப்புக் கேட்டிருப்பேன்," என்றார். "ஊரே கூட வந்திருக்கும். அவங்க அடிச்சிருந்தாலும் வாங்கியிருப்போம். அந்தக் குழந்தை அங்கயே இருந்திருக்கும். எல்லாத்தையும் கேட்டிருக்கும். என்னைப் பொய் அழுகை அழ வச்சுட்டீங்களேடா."

ஒரு வருஷம் அருவிக்கு யாரையும் விடவில்லை. ஊரே அப்படி முடிவு செய்தது. சிலருக்கு என் மேல் கோபம். என் எதிரிலேயே துப்பினவர்களும் உண்டு. உனைசி என்னோடு பேச ஆரம்பிக்க மழைக்காலம் வந்துவிட்டது. இப்போது மலைச்சரிவில் கிழங்கு போடுகிறேன். போன மாதம் நெத்தானி வேலியோரம் வந்து நின்றான். நான் தோண்டி வைத்ததைப் பார்த்தான்.

"என்னடா இது, கிழங்கா எலி வாலா?"

"உன் மூஞ்சிக்கு இது போதும்."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. கொஞ்சம்தான். அவன் உடனே போய்விட்டான்.

மொய்ராவுக்கு மூன்று கடிதம் எழுதினேன். பதில் இல்லை. கிறிஸ்துமஸ் அட்டை நின்றுவிட்டது. தெஸ்ஸா பேரைத் திரும்ப மாற்றிக்கொண்டாளா, படம் சுவருக்கு வந்ததா, எனக்குத் தெரிய வழியில்லை. நான் சொல்லாமல் விட்ட அந்த வாக்கியத்தை உனைசியிடமோ நெத்தானியிடமோ மாமாவிடமோகூடச் சொல்லவில்லை. அந்தப் பெண்ணுக்காக மறைத்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். சில நாள் அது உண்மையாகப் படுகிறது. சில நாள் லாரியில் வாய் முந்திக்கொண்டதே, அதே வாய்தான் இதுவும் என்று படுகிறது.

அவர்கள் என்றைக்காவது வந்தால் கொடுப்பதற்கென்று மாமா ஒரு திமிங்கலப் பல்லைத் தேங்காயெண்ணெய் பூசி, துணியில் சுற்றி எடுத்து வைத்தார். போன வருஷம் அவர் போய்விட்டார். சாமான்களைப் பிரித்தபோது நெத்தானி அதைக் கையில் வைத்துக்கொண்டு, இதை என்ன செய்ய என்று கேட்டான். இருக்கட்டும் என்றேன். அவன் மறுபடி சுற்றிப் பெட்டியில் வைத்தான்.